கொதிக்கும் குதிரையும் குளிர்ந்த வாளியும்

ஒரு கேள்வியோடு தொடங்குவோம்.

கோடை வெயிலில் பத்து நிமிடம் நாலுகால் பாய்ச்சலில் ஓடி வந்து நிற்கிறது ஒரு குதிரை. மூக்குத் துளைகள் அகல விரிந்து மூச்சு வாங்குகிறது. உடலெல்லாம் வியர்வை. கடிவாள வார் உரசும் இடத்தில் வெள்ளை நுரை. அதன் உடல் வெப்பநிலை 41 டிகிரி செல்சியஸ். பக்கத்தில் ஒரு தொட்டி நிறையத் தண்ணீர். அதில் பனிக்கட்டிகள் மிதக்கின்றன. அந்தக் குதிரையின் பொறுப்பு உங்களிடம் இருக்கிறது. என்ன செய்வீர்கள்?

(அ) பனிநீரை வாளி வாளியாக அதன் உடல் மீது ஊற்றுவேன்.
(ஆ) ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்து, நிழலில் நடக்க விடுவேன். சூடான உடம்பில் குளிர்ந்த நீர் படக் கூடாது.
(இ) நனைத்த போர்வை ஒன்றைப் போர்த்தி வைப்பேன்.

உங்கள் விடையை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். குதிரை லாயங்களில் தலைமுறை தலைமுறையாகப் பெரியவர்கள் சொல்லி வந்த விடை (ஆ). "சூடான தசை மீது பச்சைத் தண்ணீர் பட்டால் தசை பிடித்துக்கொள்ளும், தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, வெப்பம் உள்ளேயே அடைபட்டுவிடும்" என்பது அவர்களுடைய காரணம். கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது, இல்லையா? ஆனால் அது சரியா? விடை தவறானால் குதிரையின் உயிருக்கே ஆபத்து. ஆகவே இந்தக் கேள்வியைப் பௌதிகத்தின் துணைகொண்டு ஆராய்வோம்.

ஒலிம்பிக்கில் எழுந்த கேள்வி

இந்தக் கேள்வி உலகத்தின் முன் வந்து நின்றது 1990-களின் தொடக்கத்தில். ஒலிம்பிக் போட்டிகளில் குதிரையேற்றமும் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அதில் மிகக் கடினமானது மும்முனைப் போட்டி. முதலில் ஒழுங்கு நடை. இறுதியில் தடை தாண்டல். இவ்விரண்டுக்கும் இடையில் வேகமும் தாக்குப்பிடிக்கும் திறனும் சோதிக்கப்படும் நாள். அந்நாளில் வேலி, மரத்துண்டு, நீர்ப்பள்ளம் ஆகியவற்றைத் தாண்டிக்கொண்டு குதிரை திறந்தவெளியில் பல கிலோமீட்டர் பாய்ந்தோட வேண்டும். அக்காலத்தில் அந்த ஓட்டத்துக்கு முன்பே நீண்ட சாலைப் பகுதிகளையும் வேகத் தடையோட்டம் ஒன்றையும் அது முடித்திருக்க வேண்டும்!

1992-ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவில் ஒலிம்பிக் நடைபெற்றபோது வெயில் கடுமையாக இருந்தது. சில குதிரைகள் மிகவும் களைத்துப்போய் ஓட்டத்தை முடித்தன. பார்த்தவர்கள் கவலைப்பட்டார்கள். அடுத்த ஒலிம்பிக் 1996-இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில், அதுவும் ஜூலை மாதத்தில். ஜார்ஜியா மாநிலத்தில் ஜூலை என்றால் வெயில் மட்டுமல்ல, காற்றில் ஈரமும் மிகுதி. "அங்கே குதிரைகளை ஓட விடுவது நியாயமா?" என்ற கேள்வி எழுந்தது.

ஊகத்தால் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. ஆகவே இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் விஞ்ஞானிகள் ஆய்வில் இறங்கினார்கள். இங்கிலாந்தில் நியூமார்க்கெட் என்ற ஊரில் இருந்த விலங்கு நல அறக்கட்டளையில் டேவிட் மார்லின் முதலானோர், வெப்பத்தையும் ஈரத்தையும் விருப்பம்போல் கூட்டிக் குறைக்கக்கூடிய அறை ஒன்றில் நகரும் பட்டையை அமைத்து, அதன் மீது குதிரைகளை ஓடவிட்டு அளந்தார்கள். அட்லாண்டாவின் வெயிலை ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே கொண்டு வந்துவிட்டார்கள் என்று சொல்லலாம்.

அவர்கள் கண்டதைப் பார்க்குமுன், நாமும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பதினாறு அடுப்புகள்

தசை என்பது உணவில் உள்ள ஆற்றலை வேலையாக மாற்றும் எந்திரம். எந்த எந்திரமும் போட்ட ஆற்றல் முழுவதையும் வேலையாகத் திருப்பித் தருவதில்லை. தசைக்குக் கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் ஓட்டமாகிறது. மீதி நான்கு பங்கு வெப்பம்.

சுமார் 500 கிலோகிராம் எடையுள்ள நல்ல பயிற்சி பெற்ற குதிரை, வேகமாகப் பாயும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 லிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது. (மனிதரில் தலைசிறந்த ஓட்டக்காரருக்கே 5, 6 லிட்டர்தான்!) ஒரு லிட்டர் ஆக்சிஜன் செலவானால் உடலில் சுமார் 20 கிலோஜூல் ஆற்றல் வெளிப்படும். ஆகவே,

60 × 20 = 1,200 கிலோஜூல், ஒரு நிமிடத்தில்.

இதில் ஐந்தில் ஒரு பங்கை ஓட்டத்துக்குக் கழித்தால் மீதி 960 கிலோஜூல் வெப்பம். 60 விநாடியால் வகுத்தால் விநாடிக்கு 16 கிலோஜூல், அதாவது 16 கிலோவாட். வீட்டில் உள்ள 1,000 வாட் மின்அடுப்புகள் பதினாறை ஒரே சமயத்தில் எரியவிட்டு, குதிரையின் தோலுக்குள் வைத்தால் எப்படி இருக்கும்? பாயும் குதிரையின் உள்ளே நடப்பது அதுதான்.

இந்த வெப்பம் குதிரையை எவ்வளவு சூடாக்கும்? உடலின் தன்வெப்பம் ஏறத்தாழ 3.5 கிலோஜூல், அதாவது ஒரு கிலோகிராம் உடலை ஒரு டிகிரி சூடாக்க 3.5 கிலோஜூல் வேண்டும். முழுக் குதிரையையும் ஒரு டிகிரி சூடாக்க,

500 × 3.5 = 1,750 கிலோஜூல்.

நிமிடத்துக்கு 960 கிலோஜூல் சேருகிறது என்றால், இரண்டு நிமிடத்துக்குள் ஒரு டிகிரி ஏறிவிடும். பத்து நிமிடத்தில் ஐந்தரை டிகிரி! ஓய்வில் இருக்கும் குதிரையின் வெப்பநிலை சுமார் 38°. ஒரு துளி வெப்பமும் வெளியே போகாவிட்டால் ஓட்டம் முடியும்போது 43.5° ஆகியிருக்கும். 42° தாண்டினாலே மூளையும் குடலும் தசையும் பாதிக்கப்படத் தொடங்கும். ஆகவே, வெப்பத்தை வெளியேற்றுவது குதிரைக்கு வசதிக்கான காரியமல்ல. உயிர் காக்கும் காரியம்.

பெரிய உடம்பு, சிறிய தோல்

வெப்பம் வெளியேற வேண்டிய வாசல் தோல். இங்கேதான் குதிரைக்கு ஒரு சங்கடம்.

ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பருமன் 1 கன செ.மீ.; மேற்பரப்பு 6 சதுர செ.மீ. இப்போது பக்கத்தை இரண்டு சென்டிமீட்டராக்குங்கள். பருமன் 8 மடங்காகிறது. மேற்பரப்போ 4 மடங்குதான். உருவம் பெருக்கப் பெருக்க, பருமன் முந்திக்கொள்கிறது, பரப்பு பின்தங்குகிறது. அகலத் தட்டில் ஊற்றிய பால் விரைவில் ஆறுவதும், குடத்தில் உள்ள பால் நெடுநேரம் சூடாகவே இருப்பதும் இதனால்தான்.

70 கிலோகிராம் எடையுள்ள மனிதருக்குத் தோலின் பரப்பு சுமார் 1.8 சதுர மீட்டர். ஒவ்வொரு சதுர மீட்டரும் 39 கிலோகிராம் உடலுக்குப் பொறுப்பு. 500 கிலோகிராம் குதிரைக்குத் தோலின் பரப்பு சுமார் 5 சதுர மீட்டர்தான். ஒவ்வொரு சதுர மீட்டரும் 100 கிலோகிராமுக்குப் பொறுப்பு! மனிதத் தோலைவிட இரண்டரை மடங்கு சுமை. ஒரே வெயிலில் ஓடினாலும் குதிரைக்காரரைவிடக் குதிரை விரைவில் சூடாகி, மெதுவாக ஆறுவதன் காரணம் இதுவே. "எனக்கு அவ்வளவு புழுக்கமாக இல்லையே" என்று குதிரைக்காரர் நினைத்தால் ஏமாந்துபோவார்.

நுரை எங்கிருந்து வந்தது?

நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து உடலைக் குளிர்வித்துக்கொள்ளும். குதிரை மூக்கு வழியாக மட்டுமே மூச்சு விடும், வாயால் விடாது. மூச்சுக் காற்றோடு வெப்பத்தின் ஒரு பங்கு வெளியேறுவது உண்மைதான். ஆனால் அதன் முதன்மையான ஆயுதம் நம்முடையதைப் போலவே வியர்வைதான்.

வியர்வை ஏன் குளிர்விக்கிறது? திரவம் ஆவியாவதற்கு வெப்பம் தேவை. அதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். தோலின் வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வேண்டும். அதைத் தோலிலிருந்தே எடுத்துக்கொண்டு ஆவி பறக்கிறது. நம் வீட்டு மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதே தத்துவத்தால்தான்.

குதிரைக்கோ தோல் முழுவதும் உரோமம். வியர்வை உரோமத்தின் அடியில் துளித்துளியாகத் தங்கிவிட்டால் எளிதில் ஆவியாகாது. இதற்கு இயற்கை ஒரு வழி செய்திருக்கிறது. குதிரையின் வியர்வையில் லேதரின் என்ற புரதம் இருக்கிறது. சோப்பைப் போலவே இது நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது. துளியாக நிற்க வேண்டிய வியர்வை, மயிர்க்கால்கள் வழியே ஏறி மெல்லிய படலமாகப் பரவுகிறது. பரப்பு கூடினால் ஆவியாதலும் கூடும் அல்லவா? வார் உரசும் இடத்தில் இந்தப் புரதம்தான் கலக்கப்பட்டு நுரையாகிறது. நுரை நோயின் அறிகுறி அல்ல. குதிரையின் சொந்தச் சோப்பு.

கடும் உழைப்பின்போது குதிரை ஒரு மணி நேரத்தில் 10 முதல் 15 லிட்டர் வரை வியர்க்கும். நாம் 12 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 0.2 லிட்டர். அத்தனையும் ஆவியானால்,

0.2 × 2,400 = 480 கிலோஜூல்.

உண்டாகும் வெப்பமோ 960! ஒரு சொட்டும் வீணாகாமல் ஆவியானால்கூட வியர்வை பாதியைத்தான் சமாளிக்கிறது. மூச்சும் காற்றோட்டமும் இன்னும் கொஞ்சம் எடுத்துச் செல்லும். மீதி உடலில் சேர்ந்துகொண்டே போகும். அதாவது, பாயும் குதிரை கடன் வாங்கிக்கொண்டே ஓடுகிறது. நின்ற பிறகுதான் கடனை அடைக்க வேண்டும்.

காற்றில் ஈரம் மிகுந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆவியை ஏற்க காற்றில் இடமிருக்காது. வியர்வை ஆவியாகாமல் வழிந்து தரையில் சொட்டும். சொட்டும் வியர்வை குளிர்விப்பதில்லை. நீரையும் உப்பையும் வீணாக்குவதோடு சரி. நம் கடற்கரை நகரங்களில் மழைக்கு முந்தைய புழுக்கத்தை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அட்லாண்டாவைப் பற்றி விஞ்ஞானிகள் பயந்தது வெயிலைவிட இந்த ஈரத்துக்குத்தான்.

வாளியின் வெற்றி

இப்போது நம் முதல் கேள்விக்கு வருவோம். ஆவியாதல் வழி அடைபட்டுவிட்டது. வேறு வழி என்ன? கடத்தல்!

ஒரு லிட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1.2 ஜூல் போதும். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4,200 ஜூல் வேண்டும். அதாவது ஒரே கொள்ளளவு நீர், காற்றைப் போல 3,500 மடங்கு வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகும்.

10 லிட்டர் பிடிக்கும் வாளியில் பனிநீரை எடுத்துக் குதிரை மீது ஊற்றுகிறோம். அது வழிந்து கீழே விழுவதற்குள் 10 டிகிரி சூடாகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அப்போது அது எடுத்துச் செல்லும் வெப்பம்,

10 × 10 × 4.2 = 420 கிலோஜூல்.

ஒரு வாளிக்குக் கால் டிகிரி. எட்டு வாளி ஊற்றினால் ஏறத்தாழ இரண்டு டிகிரி! 41°-யில் நின்ற குதிரை 39°-க்கு வந்துவிடும். இரண்டு பேர் நின்று மாறி மாறி ஊற்றினால் சில நிமிட வேலை. காற்றில் எவ்வளவு ஈரம் இருந்தாலும் இந்த வழியை அது தடுக்க முடியாது.

சரி, பெரியவர்கள் சொன்ன தசைப்பிடிப்பு? இரத்தக் குழாய் சுருங்குதல்? ஆய்வாளர்கள் அதையும் சோதித்தார்கள். மிகவும் சூடேறிய குதிரைகள் மீது மிகக் குளிர்ந்த நீரைத் தாராளமாக ஊற்றி, உடல் வெப்பநிலையையும் நாடித்துடிப்பையும் அளந்தார்கள். வெப்பம் உள்ளே அடைபடவில்லை, விரைந்து இறங்கியது. அஞ்சியபடி தசைகள் பிடித்துக்கொள்ளவும் இல்லை. நீண்ட காலமாக நம்பப்பட்ட ஒன்று வெப்பமானியின் முன் தோற்றுப்போயிற்று.

ஆகவே விடை (அ)தான். (ஆ) என்று எழுதியவர்கள் வருந்த வேண்டாம். உலகெங்கும் அனுபவசாலிகள் அதையே நம்பினார்கள். (இ) என்று எழுதியவர்கள் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நனைந்த போர்வை சில விநாடிகளிலேயே தோலின் வெப்பநிலைக்கு வந்துவிடும். அதன் பிறகு அது குளிர்விக்காது. காற்று படாமல் தடுத்து, வெப்பத்தைப் பொத்தி வைக்கும்.

இதே காரணத்தால்தான் ஒரு முறை ஊற்றிவிட்டு நின்றுவிடவும் கூடாது. தோல் மீது தங்கிய நீர் உடனே சூடாகிவிடும். முன்பெல்லாம் அந்தச் சூடான நீரை வளைந்த தகட்டால் வழித்துவிட்டு, மறுபடி ஊற்றச் சொல்வார்கள். இப்போது, வழித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அடுத்த வாளியை ஊற்றுவதே மேல் என்கிறார்கள். புதிய நீர் பழைய நீரைத் தள்ளிக்கொண்டு போய்விடும். ஜப்பான் குதிரைப் பந்தயச் சங்கத்தின் ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் ஐந்து முறைகளை ஒப்பிட்டார்கள். நடத்திச் செல்வது, மின்விசிறிக் காற்று, விட்டு விட்டுக் குளிர்நீர் ஊற்றுவது ஆகியவற்றையெல்லாம் முந்தியது எது தெரியுமா? சாதாரணக் குழாய்த் தண்ணீரை விடாமல் பொழியவிடுவது! பனிக்கட்டி கிடைக்காத ஊரிலும் குழாயும் நீளமான ரப்பர்க் குழலும் இருந்தால் போதும் என்பது எவ்வளவு ஆறுதலான செய்தி!

எங்கே ஊற்றுவது? உடல் முழுவதும். கழுத்து, நெஞ்சு, விலா, பின்தொடை என்று எங்கெல்லாம் பெரிய தசைகள் இருக்கின்றனவோ அங்கெல்லாம். சேணத்தை முதலில் கழற்றிவிட வேண்டும். இயன்றால் நிழலில், காற்றோட்டம் உள்ள இடத்தில் நிறுத்த வேண்டும்.

தாகம் எடுக்காத குதிரை

வெளியே ஊற்றிய நீரைப் பார்த்தோம். இனி உள்ளே போக வேண்டிய நீர்.

15 லிட்டர் வியர்த்த குதிரை 15 கிலோகிராம் எடை இழந்திருக்கும். நியாயமாகப் பார்த்தால் அது தொட்டியை நோக்கிப் பாய வேண்டும். ஆனால் பல சமயம் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும்! "குதிரையைத் தண்ணீர் வரைதான் கூட்டிப்போகலாம், குடிக்க வைக்க முடியாது" என்று வெள்ளைக்காரர்களிடம் ஒரு பழமொழி உண்டு. அந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால் இரசாயனம் இருக்கிறது.

நமக்குத் தாகம் எப்படி எடுக்கிறது? மனித வியர்வையில் உப்பு குறைவு, நீர் மிகுதி. எனவே வியர்த்த பிறகு இரத்தத்தில் உப்பின் செறிவு கூடுகிறது. மூளை அதை உணர்ந்து "தண்ணீர்!" என்று கேட்கிறது. குதிரையின் வியர்வை அப்படியல்ல. ஒரு லிட்டரில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 10 கிராம். அதாவது இரத்தத்தில் எவ்வளவு செறிவோ அவ்வளவு, அல்லது அதற்கு மேல். நீரும் உப்பும் ஒரே விகிதத்தில் வெளியேறிவிடுவதால், மிஞ்சிய இரத்தத்தின் செறிவு அதிகம் மாறுவதில்லை. அளவு குறைந்தது, செறிவு கூடவில்லை. மூளைக்குச் செய்தி சரியாகப் போய்ச் சேருவதில்லை. தேவை இருக்கிறது, தாகம் இல்லை!

இந்த நிலையில் வெறும் தண்ணீரை மட்டும் கொடுத்தால், கொஞ்சம் குடித்ததுமே இரத்தம் நீர்த்துப்போகும். இருந்த சிறிது தாகமும் அடங்கிவிடும். இதற்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு தந்திரத்தைச் சோதித்தார்கள். ஓடி முடித்த குதிரைகளுக்கு முதலில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு கலந்த நீரையும், அதன் பிறகு சாதாரண நீரையும் கொடுத்தார்கள். தொடக்கத்திலிருந்தே சாதாரண நீர் குடித்த குதிரைகளைவிட, உப்பு நீரில் தொடங்கியவை பிறகு மிகுதியாகக் குடித்து, இழந்த எடையை நன்றாக ஈடுகட்டின. உப்பு, இழப்பை நிரப்பியதோடு தாகத்தையும் எழுப்பிவிட்டது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. நீர் குடிக்காத குதிரைக்கு வெறும் உப்பை மட்டும் ஊட்டினால், அது உடலின் மற்றப் பகுதிகளிலிருந்து நீரைக் குடலுக்குள் இழுத்து, நிலைமையை மேலும் கெடுக்கும். உப்பும் நீரும் சேர்ந்தே போக வேண்டும்; பக்கத்தில் எப்போதும் நல்ல தண்ணீரும் இருக்க வேண்டும்.

"சூடான குதிரைக்குத் தண்ணீர் காட்டாதே, வயிற்றுவலி வரும்" என்பது இன்னொரு பழைய நம்பிக்கை. இன்று, ஓட்டம் முடிந்ததும் குடிக்க விடுவதே நல்லது என்பது தெளிவாகிவிட்டது. குடிக்கும் ஆசை ஓட்டம் முடிந்த முதல் சில நிமிடங்களில்தான் உச்சத்தில் இருக்கும். அந்த வாய்ப்பைத் தவறவிடக் கூடாது. உடல் மீது ஊற்றும் நீர் பனிநீராக இருக்கலாம்; குடிக்கும் நீர் மட்டும் சுமார் 20° இருந்தால் அவை கூடுதலாகக் குடிக்கின்றன.

குதிரையிடம் ஒரு மறைவான தண்ணீர்த் தொட்டியும் உண்டு. அது பெருங்குடல். புல் தின்னும் விலங்காதலால் அங்கே நார்ப்பொருள் நிறையத் தங்குகிறது. நார் பஞ்சைப் போல் பல லிட்டர் நீரையும், அதில் கரைந்த உப்புகளையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. வியர்க்கும்போது அங்கிருந்து நீர் இரத்தத்துக்கு வரும். ஆகவே போட்டிக்கு முந்தைய நாள்களில் உலர்புல்லும் தண்ணீரும் நன்றாகக் கிடைத்த குதிரை, நிறைந்த தொட்டியோடு களம் இறங்குகிறது. நீர்ப் பராமரிப்பு போட்டி நாளில் தொடங்குவதல்ல.

கண்ணும் விரலும் சொல்லும் செய்தி

குதிரை வாய் திறந்து சொல்லாது. ஆனால் பார்க்கத் தெரிந்தவருக்கு அதன் உடல் சொல்லும்.

கழுத்துத் தோலை இரு விரலால் கிள்ளி விடுங்கள். நீர் நிறைந்த உடலில் மடிப்பு உடனே மறையும். நீர் வறண்ட உடலில் சிறிது நேரம் நிற்கும். ஈறை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். ஓய்வில் நிமிடத்துக்கு 30 முதல் 40 வரை துடிக்கும் இதயம், பாயும்போது 200-ஐத் தாண்டும். நின்ற பிறகு அது எவ்வளவு விரைவில் இறங்குகிறது என்பதே முக்கியம். நெடுந்தொலைவுக் குதிரைப் பயணப் போட்டிகளில், இடைநிறுத்தங்களில் துடிப்பு 64-க்கு இறங்கினால்தான் மேலே செல்லலாம் என்பது வெகுகாலமாக வழக்கத்தில் உள்ள அளவு. துடிப்பு இறங்க மறுத்தாலும், குதிரை தள்ளாடினாலும், கடும் வெயிலில் வியர்வை திடீரென்று நின்றுபோனாலும் உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். அவர் வரும்வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தக் கூடாது.

போட்டியே வளைந்து கொடுத்தது

1996-இல் அட்லாண்டாவுக்கு அருகே கான்யர்ஸ் என்ற இடத்தில் குதிரைப் போட்டிகள் நடந்தேறின. குதிரைகள் முன்கூட்டியே வந்து அந்த வெப்பத்துக்குப் பழகின; நன்கு பழக ஏறத்தாழ இரண்டு வாரம் பிடிக்கும். ஓட்டத்தின் தொலைவு குறைக்கப்பட்டது. இடையிடையே ஓய்வு நிறுத்தங்கள், நிழல், பனிநீர், நீர்த்திவலைகளைத் தூவும் பெரிய மின்விசிறிகள் எல்லாம் இருந்தன.

"இன்று ஓடலாமா?" என்று முடிவு செய்ய வெறும் வெப்பமானி போதாது என்பதையும் ஆய்வு காட்டியது. ஆகவே மூன்று வெப்பமானிகளின் அளவுகளைச் சேர்த்து ஓர் எண்ணாக்குகிறார்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 சதவீதம். கறுப்புக் கோளத்துக்குள் வைத்து வெயிலை அளக்கும் வெப்பமானிக்கு 20 சதவீதம். சாதாரண வெப்பமானிக்கு 10 சதவீதம். ஈரத்துக்கு எவ்வளவு பெரிய பங்கு என்று பாருங்கள்! இந்த எண் 33-ஐத் தாண்டினால் குதிரைகளை ஓடவிடுவது பெரும்பாலும் தகாது என்று கொள்ளப்படுகிறது.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் முதல் நீண்ட சாலைப் பகுதிகளும் வேகத் தடையோட்டமும் நீக்கப்பட்டன. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் குதிரைப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தபோது லாயங்களுக்குக் குளிர்சாதன வசதி செய்யப்பட்டது. பெருந்தொற்றால் ஓராண்டு தள்ளிப்போய் 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் திறந்தவெளி ஓட்டம் காலையிலேயே தொடங்கியது. அரங்கப் போட்டிகள் மாலையில் விளக்கொளியில் நடந்தன. ஓடி முடித்த குதிரைகளுக்கு அங்கேயும் காத்திருந்தது எது? குளிர்ந்த தண்ணீரும் மின்விசிறியும்தான்!

நீங்களே செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள மூன்று தகர டப்பாக்களில் ஒரே அளவு வெந்நீர் (சுமார் 60°) ஊற்றுங்கள். முதல் டப்பாவை அப்படியே வையுங்கள். இரண்டாவதைச் சுற்றி ஈரத்துணி ஒன்றைக் கட்டி, கவிழ்த்த பெரிய கண்ணாடி ஜாடிக்குள் வையுங்கள். மூன்றாவதன் வெளிப்புறத்தில் குழாய் நீரை மெல்லிய தாரையாக விடாமல் வழியவிடுங்கள். நீர் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் கழித்து ஜாடியை எடுத்துவிட்டு, மூன்றின் வெப்பநிலைகளையும் அளந்து குறியுங்கள். இரண்டாவது டப்பா, ஈரப் போர்வைக்குள் இருக்கும் குதிரை. மூன்றாவது எந்தக் குதிரை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

லாயங்களில் இருந்த பெரியவர்கள் குதிரைகளின் மீது அன்பு கொண்டவர்கள்தான். அந்த அன்பால்தான் வாளியைத் தள்ளி வைத்தார்கள். ஆனால் எவ்வளவு வெப்பம் உண்டாகிறது, எவ்வளவு வெளியேறுகிறது என்று அளந்து பார்க்காதவரை, அன்பும் தவறான பக்கத்தில் நின்றுவிடலாம். உங்கள் வீட்டுப் பசுவோ, உழவு மாடோ, தெருநாயோ வெயிலில் வாடும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் நிழல், அடுத்து குடிக்கத் தண்ணீர், அதோடு மேலே ஊற்ற ஒரு வாளித் தண்ணீர்!